தொடக்கூடாத பாத்திரம்

எஸ்தாக்கி நல்லம்மாவைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் போனார். அவள் தண்ணீரில் உருண்டு விழுந்துவிடக் கூடாது என்று கட்டினார். உடனே திரும்பி வரும் எண்ணத்தில் கட்டினார். பிற்பாடு யார் கேட்டாலும் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

நல்லம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிள்ளை பிறந்து செத்தபோது வந்த காய்ச்சல் கால்களையும் கொண்டுபோய்விட்டது. அவள் சம்பூரில் ஒரு வயல்காரர் வீட்டுப் பெண். எஸ்தாக்கியைக் கலியாணம் கட்டுவதற்காக வேதத்துக்கு வந்தவள். ஞானஸ்நானத்தில் கத்தரீனா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரால் அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை. பெயர் வைத்த சுவாமியாரும் கூப்பிடவில்லை.

தாழைமுனை கொட்டியாரக் குடாவின் கரையில் இருந்த சிறிய கத்தோலிக்க ஊர். வீடுகள் தென்னோலைக் கிடுகு. கோயில் மட்டும் கல். எஸ்தாக்கி முன்பு திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் கயிற்று வேலை பார்த்தவர். அவர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது வேலையும் போயிற்று. ஊருக்கு வந்தார். கோயில் வேலையை அவரிடம் விட்டார்கள். மணி அடிப்பது, பீடத்துக்குத் துணி விரிப்பது, பூசைக்கு உடுப்பு எடுத்து வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக நற்கருணைப் பேழைக்கு முன்னால் தொங்கிய சிவப்பு விளக்குக்கு எண்ணெய் விடுவது. விளக்கு எரிந்தால் பேழைக்குள் அப்ப வடிவில் கர்த்தர் இருக்கிறார். அணைந்திருந்தால் இல்லை. இது ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

காலையில் மனைவியைக் கழுவி, திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி பருக்கிவிட்டுக் கோயிலுக்குப் போவார். வந்ததும் அவள் கேட்பாள்:

"இஞ்சேருங்கோ, அவருக்கு எண்ணெய் விட்டாச்சோ?"

"ஓம்."

"அப்ப இனி என்ரை தலைக்கும் கொஞ்சம் வையுங்கோ."

அவர் சிரிக்கமாட்டார். ஆனால் எண்ணெய் வைப்பார். விரல்களால் உச்சியில் தேய்த்து, தலையை வாரி, கொண்டை போட்டுவிடுவார். கயிறு முறுக்கிய விரல்கள். கொண்டை பொழுதுபடும் வரை அவிழாது.

நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, முந்திய ஞாயிறு பிலேந்திரன் சுவாமி பூசைக்கு வந்தார். பட்டினத்திலிருந்து லோஞ்ச் படகில் மூதூருக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளில் வருபவர். இந்த முறை நத்தார்ப் பூசை மூதூரில்தான், எல்லோரும் அங்கே வந்துவிட வேண்டும், தாழைமுனைக்குத் தான் இனி வருஷம் பிறந்த பிறகுதான் வரலாம் என்று பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிந்ததும் வழக்கம்போல நல்லம்மாவுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க வீட்டுக்கு வந்தார். எஸ்தாக்கி மெழுகுதிரியோடும் கைமணியோடும் முன்னால் நடந்தார். நல்லம்மா நாக்கை நீட்டி வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். சுவாமியார் தனியே கோயிலுக்குத் திரும்பினார். எஸ்தாக்கி மனைவிக்குக் கஞ்சி கொடுக்க நின்றுவிட்டார். கடல் பொங்கிக்கொண்டிருந்தது. லோஞ்ச் போய்விடும் என்று சுவாமியார் அவசரமாகச் சைக்கிளில் ஏறிப் போனதை வேலிக்கு மேலால் கண்டார். கையைக் காட்டினார். சுவாமியாரும் கையைக் காட்டினார்.

பொழுதுபட மணி அடிக்கப் போனபோது விளக்கு அணைந்திருந்தது.

காலையில் எண்ணெய் விட்டவர் எஸ்தாக்கியே. திரி புதிது. மேற்கு யன்னலின் ஒரு கதவு கொளுக்கி கழன்று அடித்துக்கொண்டிருந்தது. பீடத்துணி பறந்து மடிந்து கிடந்தது. காற்றுத்தான், என்று நினைத்தார். யன்னலைக் கயிறு போட்டு இறுக்கினார். விளக்கை ஏற்றினார். இவ்வளவு நேரமும் இருட்டில் இருக்க விட்டதற்காக உள்ளே இருந்தவரிடம் முழந்தாளில் நின்று மன்னிப்புக் கேட்டார். பேழையின் கதவு பூட்டியபடி இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் எண்ணம் வரவில்லை. அது அவருடைய வேலை இல்லை.

அன்றிரவு காற்று முற்றிப் புயலாயிற்று. விடியும்போது கடல் ஊருக்குள் வந்தது.

அலையாக வரவில்லை. நிலத்திலிருந்து ஊறுவதுபோல வந்தது. கட்டில் கால்களை மூடியது. வெளியே ஆட்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் இருந்த மணல் மேட்டை நோக்கி ஓடினார்கள். கோயில் மூப்பர் கபிரியேல்பிள்ளை வாசலில் நின்று கத்தினார்:

"எஸ்தாக்கி, மனிசியைத் தூக்கு! மேட்டுக்கு வா!"

எஸ்தாக்கி நல்லம்மாவின் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டார். தூக்கப் போனவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். கோயில் கூரையின் ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் பறந்துகொண்டிருந்தன. கதவு பிடுங்கப்பட்டுப் போயிருந்தது. உள்ளே, தூரத்தில், அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

அவர் அவளை மெதுவாகத் திரும்பப் படுக்க வைத்தார்.

"என்ன?" என்றாள் நல்லம்மா.

"கோயில் போகுது. நான் ஓடிப்போய் அவரை எடுத்துக்கொண்டு வாறன்."

"என்னை முதல் கொண்டுபோய் விடுங்கோ."

"அதுக்கிடையிலை இடிஞ்சிடும். அவர் தனிய இருக்கிறார், நல்லம்மா."

"நானும் தனியத்தானே."

"கொஞ்சம் பொறு. இந்தா வந்திடுவன்."

கூரை வளையில் தொங்கிய கயிற்றை எடுத்தார். நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, தொடைக்குக் குறுக்கே ஒன்று. அவர் முடிச்சுப் போடும்போது அவள் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்குள் போனபோது தண்ணீர் இடுப்பளவு. மர வாங்குகள் மிதந்தன. பீடத்துக்கு மேலே இருந்த கல் வளைவுக்குக் கீழே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பை நினைத்துப் பிறகு பல நாள் வெட்கப்பட்டார். பீடத்துக்குப் பின்னால் தொங்கிய திறப்பை எடுத்துப் பேழையைத் திறந்தார். நன்மைப் பாத்திரம் வெள்ளைப் பட்டு உறை போட்டபடி இருந்தது. குருப்பட்டம் பெறாத கை அதைத் தொடக் கூடாது. பீடத்துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்தார். அப்பத்துக்குப் பாரம் இல்லை. பாத்திரம் நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் ஒரே பாரந்தான்.

வெளியே வந்தபோது தண்ணீர் மார்பளவு. வீட்டைப் பார்த்து நடந்தார். தண்ணீர் அவரை வீட்டுக்கு விடவில்லை. பாத்திரத்தைத் தலைக்கு மேலே பிடித்திருந்ததால் நீந்தவும் ஏலவில்லை. இழுப்பு அவரை மேட்டடியில் கொண்டுபோய்த் தள்ளியது. ஆட்கள் கைகோர்த்து இறங்கி அவரைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

"நன்மைப் பாத்திரம்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

மேட்டில் நின்ற ஊரார் அத்தனை பேரும் மழைக்குள் முழந்தாளிட்டார்கள்.

"ஆராவது பிடியுங்கோ," என்றார் எஸ்தாக்கி. "நல்லம்மா வீட்டிலை. நான் போகவேணும். பிடியுங்கோ."

ஒருவரும் கை நீட்டவில்லை. அவர் கபிரியேல்பிள்ளையிடம் போனார். மூப்பரின் கைகள் பாதி எழுந்து, திரும்ப இறங்கின.

"நாங்கள் தொடலாமோ, எஸ்தாக்கி?"

"துணியோடை பிடியுங்கோ."

"நான் ராத்திரி குடிச்சிட்டுப் படுத்தனான். இந்தக் கையாலை எப்பிடி?"

அவர் ஆள் ஆளாகத் திரும்பினார். அவர் திரும்பிய பக்கமெல்லாம் தலைகள் குனிந்தன. கீழே வைக்கச் சேறுதான் இருந்தது.

காற்றுக்குப் பயந்து முதல் நாள் தன் தோணியை அந்த மேட்டில் ஏற்றி வைத்திருந்த ஒரு மூதூர் முஸ்லிம் அங்கே நின்றான். ஆதம்பாவா என்று பெயர். அவன் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தான். முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இஞ்ச தாங்க அண்ணன். நான் புடிச்சிக்கிறன். நீங்க போய் அக்காவப் பாருங்க."

"தொடாதை!"

ஒரு குரல் அல்ல, பல குரல்கள். கபிரியேல்பிள்ளை எழும்பி இருவருக்கும் நடுவில் கைகளை விரித்து நின்றார்.

"அவனிட்டைக் குடுத்திடாதை, எஸ்தாக்கி. உன்ரை ஆத்துமத்துக்கு நீதான் கணக்குச் சொல்லவேணும்."

ஆதம்பாவா கைகளை இறக்கினான். முழந்தாளில் நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தான்.

"அப்ப ஆரு போறது?"

அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.

எஸ்தாக்கி பாத்திரத்தை ஏந்தியபடி நின்றார். அவருடைய கைகளை யாரும் கட்டிவைக்கவில்லை. பாத்திரத்தைச் சேற்றில் வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். எறிந்துவிட்டு இறங்கியிருக்கலாம். நின்றார். பின்னால் செபமாலை தொடங்கியது. அவருடைய வாயும் அதைச் சொன்னது.

காற்றுச் சற்றுத் தணிந்த பிறகு ஆதம்பாவா வந்தான். கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தான். கட்டில் கவிழ்ந்து கிடந்ததாம். நிமிர்த்தித்தான் இழுத்து வந்தானாம். அதன் மேல் நல்லம்மா இருந்தாள். கொண்டை அவிழ்ந்திருக்கவில்லை.

"முடிச்சை அவுக்கப் பாத்தன் அண்ணன்," என்றான். "ஏலாமப் போச்சு. நல்ல முடிச்சு."

*

தண்ணீர் வடிந்த பிறகு ஊரில் நின்றது கோயிலின் பின்சுவர் மட்டுந்தான். வீடுகள் இல்லை. செத்தவர்களை மேட்டுக்குப் பின்னால் புதைத்தார்கள். சுவாமியார் இல்லாதபடியால் கபிரியேல்பிள்ளை செபம் சொன்னார்.

பாத்திரத்துக்கு இடம் வேண்டியிருந்தது. ஆதம்பாவாவின் தோணியைக் கவிழ்த்து, அதன் மேல் கூறைச் சேலை ஒன்றை விரித்து, எஸ்தாக்கி கையால் அதை வைத்தார்கள். மேலே பனையோலைப் பந்தல் போட்டார்கள்.

"தோணி தொடலாமோ, மூப்பர்?" என்று கேட்டான் ஆதம்பாவா.

"தோணி மரந்தானே."

"மரமாப் பொறந்திருக்கலாம் போல."

அவன் மூதூருக்கு நடந்தே போனான். தோணியை நத்தாருக்குப் பிறகு வந்து எடுப்பதாகச் சொன்னான்.

ஊர் அந்தத் தோணியைச் சுற்றியே கிடந்தது. சமைக்க அரிசி இல்லை. ஈர உடுப்பு. பிள்ளைகள் இருமினார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கவில்லை. கிடைத்த தேங்காயைச் சமமாகப் பிரித்துத் தின்றார்கள். ஆள் மாறி ஆள் விழித்திருந்து செபித்தார்கள். பெண்கள் எஸ்தாக்கியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தார்கள். அவர் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"உன்ரை மனிசி நேரே மோட்சந்தான்," என்றார் கபிரியேல்பிள்ளை. "கர்த்தரைக் காப்பாத்தின குடும்பம். இனி என்ன வேணும் உனக்கு?"

நல்லம்மாவின் தமையன் கனகரத்தினம் செய்தி கேட்டுச் சம்பூரிலிருந்து வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்தார். நெற்றியில் திருநீறு மழையில் கரைந்திருந்தது. புதைத்த இடத்தைக் காட்டினார்கள். அங்கே நெடுநேரம் நின்றார். பிறகு பந்தலுக்கு வந்தார்.

"எப்பிடி நடந்தது, மச்சான்?"

எஸ்தாக்கி வாயைத் திறக்குமுன் கபிரியேல்பிள்ளை சொன்னார். ஊர் அதற்குள் கதையை நன்றாகப் பழகியிருந்தது.

"நல்லம்மாதான் போகச் சொன்னவ. 'என்னைப் பாக்காதேங்கோ, கர்த்தரை எடுங்கோ' எண்டு அனுப்பிவிட்டவ. வேதத்திலை பிறந்த பெண்டுகளுக்கும் வராத விசுவாசம்."

கனகரத்தினம் எஸ்தாக்கியைப் பார்த்தார். எஸ்தாக்கி நிலத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை.

கனகரத்தினம் தோணியின் மேல் இருந்ததைப் பார்த்தார்.

"உந்தச் செம்புக்கோ?" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் அதைக் கவனிக்காமல் வந்த வழியே இறங்கிப் போனார்.

எஸ்தாக்கிக்கு அந்தச் சொல் சுட்டது. செம்பு இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குள் அவர் இருக்கிறார். நல்லம்மாவைவிடப் பெரியவர் ஒருவருக்காகத்தான் போனேன். அவருக்கு நிற்க அந்த ஒரு சாண் நிலந்தான் இருந்தது. அதில் நின்றுகொண்டு அவரால் மூச்சுவிட முடிந்தது.

*

பிலேந்திரன் சுவாமி கடற்படை வள்ளத்தில், அரிசி மூடைகளோடு வந்து இறங்கினார். ஊர் கரைக்கு ஓடியது. ஆளுக்காள் கத்திக் கதை சொன்னார்கள். அழுதார்கள். பாடிக்கொண்டே அவரை மேட்டுக்கு அழைத்து வந்தார்கள். பந்தலுக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் முழந்தாளிட்டார்கள்.

சுவாமியார் முழந்தாளிடவில்லை.

எஸ்தாக்கி பந்தல் காலைப் பிடித்தபடி நின்று அதைக் கண்டார். வேறு ஒருவரும் காணவில்லை, தலை குனிந்திருந்தார்கள். நற்கருணைக்கு முன்னால் முழந்தாள் மடக்காத ஒரு குருவை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. வயதான குருமார்கூடப் பீடத்தைப் பிடித்துக்கொண்டு பாதியாவது மடக்குவார்கள். பிலேந்திரன் சுவாமி இளவயதுக்காரர். முழங்காலில் வருத்தம் இல்லை.

சுவாமியார் சனங்களைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு குழப்பம் வந்து, பிறகு அது வேறு ஏதோவாக மாறியது. கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தார். அரிசி இறக்கச் சொன்னார். கூட்டம் கரைக்குப் போனதும் பாத்திரத்தை வெறுங்கையால் தண்டில் பிடித்துத் தூக்கினார். பூசை முடிந்து கழுவி வைக்கும் சாமானைத் தூக்குவதுபோல.

எஸ்தாக்கி பின்னால் போனார்.

"சுவாமி, நீங்கள் முழந்தாள் போடேல்லை."

சுவாமியார் நின்றார்.

"எஸ்தாக்கி, இதைப் பிறகு கதைப்பம். நீர் சாப்பிட்டீரோ?"

"ஏன் போடேல்லை சுவாமி?"

சுவாமியார் பட்டு உறையை எடுத்தார். மூடியைத் திறந்து பாத்திரத்தைச் சரித்துக் காட்டினார். உள்ளே பொன்முலாம் மினுங்கியது. ஒரு துகளும் இல்லை.

"ஞாயிறே எல்லாத்தையும் உட்கொண்டிட்டன். கிழமைக்கு ஒரு பூசையாவது இல்லாத கோயிலிலை வைக்கப்படாது. அது சட்டம். உமக்குத் தெரியுமே."

"முந்தியெல்லாம் சொல்லிப்போட்டுப் போவியள்."

"சொல்லவேணும் எண்டுதான் பாத்தன். நீர் வீட்டிலை நிண்டீர். லோஞ்ச் போயிடும் எண்டு ஓடினன். வெறும் பேழையைத் திறந்து விட்டிருக்கவேணும், பழக்கத்திலை பூட்டிப்போட்டன். ஆனால் விளக்கை ஊதி நூத்துப்போட்டுத்தான் போனனான். அதைக் கண்டால் உமக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

"விளக்கு எரிஞ்சது சுவாமி."

"நான் நூத்தனான்."

"எரிஞ்சது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆர் ஏத்தினது?" என்று சுவாமியார் கேட்டார். கேட்டவுடனே கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல வாயைப் பொத்தினார்.

கரையில் யாரோ அரிசி மூடை நனைகிறது என்று சத்தம் போட்டார்கள். எஸ்தாக்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். சுவாமியாரும் அங்கியோடு பக்கத்தில் இருந்தார்.

"உம்முடைய எண்ணம் நல்லது," என்றார். "ஆண்டவர் எண்ணத்தைப் பாக்கிறவர்."

"அவர் அப்ப எங்கை இருந்தவர், சுவாமி?"

"எங்கும்."

"அது ஞானோபதேசத்திலை படிச்சது."

சுவாமியாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு நாளாக வேறு ஊர்களில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்திருந்தார். நகங்களில் மண் இருந்தது.

எஸ்தாக்கி மெதுவாக, ஒரு கயிற்றின் புரிகளை எண்ணிப் பிரிப்பவர்போலச் சொன்னார்:

"ஞாயிறு பூசை முடிஞ்சு நீங்கள் நல்லம்மாவுக்கு நன்மை குடுத்தனீங்கள். பிறகு கோயிலுக்குப் போய் மிச்சத்தை நீங்கள் உட்கொண்டியள். அப்ப இந்த ஊரிலை அவரைக் கடைசியா வாங்கின சனம் அவள்தான்."

"அப்பிடிக் கணக்குப் பாக்காதேயும்."

"நான் பாக்கேல்லை. அது அப்பிடித்தான் இருக்குது."

"எஸ்தாக்கி..."

"நான் அவரைக் கட்டிலோடை கட்டிப்போட்டு அவரைத் தேடிப் போயிருக்கிறன்."

சுவாமியார் அவருடைய தோளில் கை வைத்தார். இந்தக் கையும் ஒன்றுந் தெரியாத கைதான் என்று எஸ்தாக்கி நினைத்தார். அதனால் அவருக்குக் கோபமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை.

"சனத்துக்கு நீர் சொல்லுறதெண்டால் சொல்லும்," என்றார் சுவாமியார் எழும்பும்போது. "நான் சொன்னால் உம்மைக் காட்டிக் குடுக்கிற மாதிரி. சொல்லாமல் விட்டாலும் பாவமில்லை. அதுகளுக்கு இப்ப வேறை என்ன கிடக்கு?"

*

எஸ்தாக்கி கபிரியேல்பிள்ளையிடம் சொன்னார். மூப்பர் புதுக் கொட்டிலுக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"சுவாமி உன்னைச் சோதிக்கிறார். பெருமை வந்திடும் எண்டு."

"திறந்து காட்டினவர். ஒண்டும் இல்லை."

"இப்ப இல்லை. அப்ப இருந்திருக்கும்."

"இல்லை, மூப்பர்."

கபிரியேல்பிள்ளை கிடுகைக் கீழே போட்டார்.

"இஞ்சை பார். அந்த மேட்டிலை இவ்வளவு சனமும் பைத்தியம் பிடிக்காமல் உயிரோடை கிடந்தது எதாலை? வெறும் பாத்திரத்தாலையோ? என்ரை மகள் பிள்ளையை மண்ணிலை தாட்டுப்போட்டு வந்து அதுக்கு முன்னாலைதான் இருந்தவள். அவளிட்டைப் போய்ச் சொல்லு, ஒண்டும் இல்லை எண்டு. போ. சொல்லு பாப்பம்."

எஸ்தாக்கி அந்தப் பெண் இருந்த பக்கம் பார்த்தார். அவள் காயாத விறகை ஊதிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பி முந்தானையை இழுத்துவிட்டு, கும்பிட்டாள்.

அவர் சொல்லவில்லை.

வெளிநாட்டு மேற்றிராணியார் ஒருவர் பணம் தருவதாகவும், புதுக் கோயிலில் அந்தப் பாத்திரத்துக்குத் தனி மாடம் வைப்பதாகவும் பேச்சு வந்தது. நத்தாருக்கு எல்லோரும் மூதூருக்குப் போனார்கள். நன்மை வாங்கும் வரிசையில் எஸ்தாக்கிக்கு முன்னிடம் விட்டு விலகி நின்றார்கள். அவர் வரிசைக்கு வரவில்லை. தாழ்மை என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருவருக்கு மட்டும் சொல்லியாக வேண்டும் என்று எஸ்தாக்கி நினைத்தார். நத்தார் கழிந்து சில நாளில் சம்பூருக்கு நடந்தார்.

கனகரத்தினம் வயலில் நின்றார். கடல் தண்ணீர் ஏறி நெற்பயிர் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. அவர் வரம்பை வெட்டி உப்புத் தண்ணீரை வாய்க்காலுக்கு விட்டுக்கொண்டிருந்தார். எஸ்தாக்கியைக் கண்டும் வேலையை நிறுத்தவில்லை.

"வாங்கோ மச்சான்."

"ஒண்டு சொல்ல வந்தனான்."

"சொல்லுங்கோ."

"அவள் என்னைப் போகச் சொல்லேல்லை. தன்னை முதல் கொண்டுபோய் விடச் சொன்னவள்."

"தெரியும்," என்றார் கனகரத்தினம். "என்ரை தங்கச்சி நல்லவள்தான். ஆனால் அப்பிடிக் கதைக்கிற அளவுக்கு விசர் இல்லை."

மண்வெட்டி இன்னும் இரண்டு தரம் இறங்கியது.

"வேறையும் இருக்கு," என்றார் எஸ்தாக்கி. "அந்தப் பாத்திரத்துக்குள்ளை ஒண்டும் இருக்கேல்லை. சுவாமி முன்னமே எடுத்திட்டார். நூத்த விளக்கைத் தெரியாமல் ஏத்தினது நான்தான். நீங்கள் சொன்னது சரி. அது செம்புதான்."

கனகரத்தினம் நிமிர்ந்தார். மண்வெட்டிப் பிடியில் இரண்டு கைகளையும் வைத்து, அவற்றின் மேல் தாடையை வைத்துக்கொண்டு எஸ்தாக்கியைப் பார்த்தார். திட்டுவார் என்று எஸ்தாக்கி எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார்.

"இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப நான் ஒண்டு கேக்கிறன். உள்ளுக்கை ஆள் இருந்திருந்தால்?"

எஸ்தாக்கிக்கு விளங்கவில்லை.

"செம்புக்குள்ளை உங்கட சாமி இருந்திருந்தால், மச்சான். அப்ப சரியோ? அவளைக் கட்டிப்போட்டுப் போனது சரியோ?"

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எஸ்தாக்கி யோசித்தார். இவ்வளவு நாளும் அந்தப் பக்கம் அவர் போய்ப் பார்க்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தார். பேழைக்குள் அப்பம் நிறைந்திருக்கிறது. சுவாமியார் வந்து பந்தலுக்கு முன்னால் முழந்தாளிடுகிறார். சனங்கள் பாடுகிறார்கள். நல்லம்மா மண்ணுக்குள் கிடக்கிறாள். தான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். நன்மை வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அதற்காக இவ்வளவு தூரம் நடக்கவில்லை.

"இருந்திருந்தால்," என்றார், "நான் நித்திரை கொண்டிருப்பன்."

கனகரத்தினத்தின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், எதிர்பார்த்த விலையைக் கேட்டவர்போல. பிறகு மண்வெட்டியைத் தூக்கினார்.

எஸ்தாக்கி வரம்பில் நின்றார். போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவில்லை. வெயில் ஏறியது. சாய்ந்த பயிருக்குள்ளால் கலங்கிய தண்ணீர் வந்து வெட்டிய இடத்தில் தேங்கியது.

"தண்ணி போற வழியிலை நிக்கிறியள்," என்றார் கனகரத்தினம்.

எஸ்தாக்கி விலகி நின்றார்.